மருதாணி போடாத கை

தென்னூர், திருச்சி
10-12-1961

அன்புள்ள மச்சானுக்கு, ஜஹானாரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மாமி, பிள்ளைகள், உங்கள் தம்பி ஜமால், நான் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பட்டணத்தில் நீங்களும் சுகமாக இருந்து, வாத்தியார் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தலை நரைக்கிற வயதில் மருந்தாளர் படிப்புக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்களே, பக்கத்துப் பையன் உங்களை ‘மாமா’ என்று கூப்பிடுகிறானா, ‘சார்’ என்று கூப்பிடுகிறானா? போன கடிதத்தில் அதை மட்டும் எழுதாமல் நழுவிவிட்டீர்கள்.

மருந்துக் கடையைப் பற்றிக் கவலை வேண்டாம். தம்பிக்குப் பட்டம் இருக்கிறது, எனக்கு வாய் இருக்கிறது. நீங்கள் தொங்கவிட்ட பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் தம்பி நிற்கிறார், இந்தப் பக்கம் நான். பெண்கள் எல்லோரும் சந்து வழியாக வீட்டுக்குள் வந்து என்னிடம் காட்டுகிறார்கள். ‘முழங்காலுக்குக் கீழே, உலர்ந்த படை, செதில் உதிருது’ என்று நான் குரல் கொடுத்தால் தம்பி கலக்கித் திரைக்கு அடியில் நீட்டுகிறார். பெயர் கேட்பதில்லை. ‘திரைக்குள் பார்த்ததைத் திரைக்குள்ளேயே விட்டுவிட்டு வா’ என்று நீங்கள் சொன்னதை இன்றுவரை மீறவில்லை. எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஊர் வம்பெல்லாம் என் மடியில் வந்து விழுகிறது, ஒன்றையும் வெளியே எடுக்க முடியவில்லை!

இந்த வருஷம் பனி கொஞ்ச நஞ்சமில்லை. தோல் வறண்டு, வெடித்து, கரப்பான் கிளம்பி, அரிப்பு தாங்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். வந்தவர்கள் சும்மாவா வருகிறார்கள்? மருங்காபுரியிலிருந்து ஓர் அம்மா, கடலைக்காட்டு வேலை, கணுக்காலில் படை. அதன்மேல் பூண்டை அரைத்துக் கட்டி வெந்து புண்ணாக்கிக்கொண்டு வந்திருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “எரிஞ்சாத்தானே தாயி கேக்கும்?” என்றார். எரிந்தால் கேட்காது, எரிந்தால் எரியும், அவ்வளவுதான் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது. புண்ணுக்கு முதலில் டாக்டரிடம் அனுப்பிவிட்டோம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஐயங்கார் வீட்டு அம்மாள் ஒருவர் பஸ் ஏறி வந்தார். மார்கழி பிறக்கப்போகிறது, விடியற்காலைக் குளியலை விடமாட்டார், குளித்தால் உடம்பு முழுக்க மீன் செதில் மாதிரி வறண்டு பிடுங்கித் தின்கிறதாம். களிம்பைக் கையில் வாங்கியதும், “ஏண்டிம்மா, இதுல ஆட்டுக் கொழுப்பு ஏதாவது சேர்த்திருக்கேளா?” என்று கேட்டார். தம்பி பொய் சொல்லத் தெரியாத ஆள். திரைக்குப் பின்னாலிருந்தே, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற பசை சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். ‘ரங்கா ரங்கா’ என்று டப்பாவைக் கீழே வைத்துவிட்டார் அந்த அம்மாள். அப்புறம் வெறும் வாஸலினில் தனியாகக் கலந்து கொடுத்தோம். சுடச்சுட ஊற்றிக்கொள்ளாதீர்கள், வெதுவெதுப்புப் போதும், அரப்பு வேண்டாம், துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், ஈரம் காய்வதற்குள் இதைப் பூசுங்கள் என்றேன். எல்லாவற்றையும் விரல் மடக்கி மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

ஆனால் என் மனதில் நிற்பது வேறொரு பெண். இருபது வயதுக்குள் இருக்கும். பெரியம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை மருதாணி, செக்கச்செவேலென்று. அழகாக இருக்கிறதே என்று பிடித்துத் திருப்பிப் பார்த்தால், அல்லாஹ்! விரலிடுக்கெல்லாம் வெடித்து, சின்னச் சின்னக் கொப்புளம் பொரிந்து நீர் கசிகிறது. சிவப்பு வெளியில் தெரியக் கூடாது என்று கரப்பானுக்கு மேலேயே மருதாணி போட்டு மறைத்து வந்திருக்கிறது. மருதாணிக்கு எலுமிச்சைச் சாறும் புளியும் விட்டல்லவா அரைக்கிறார்கள்? அந்தப் புளிப்பு பட்டுப் பட்டு எரிய, இன்னும் சிவக்க, அதை மறைக்க மறுபடியும் மருதாணி. ஊரில் அதற்கு ‘மருதாணிக்காரி’ என்றே பெயராம்.

நான் கடுமையாகச் சொல்லிவிட்டேன். இனிமேல் மருதாணி கூடாது. புளியும் சாம்பலும் போட்டுப் பாத்திரம் தேய்க்கக் கூடாது. பர்மாங்கனேட்டை வெளிர் ரோஜா நிறத்துக்குக் கரைத்துத் துணி நனைத்துப் போடு, கசிவு நின்றதும் களிம்பு. அரித்தால் நகத்தை வைக்காதே, ஈரத் துணியை வை. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கும்போது களிம்பு இருக்கலாமா என்று கேட்டது. தண்ணீர் தாராளமாகப் படட்டும், சோப்பு மட்டும் வேண்டாம், ஒளு முடித்த ஈரத்தோடு களிம்பைப் போட்டுக்கொண்டு தொழு, இரண்டும் நடக்கும் என்றேன். “அப்ப அஞ்சு வேளை மருந்தும் தவறாது, அக்கா” என்று சிரித்தது. நோவோடு வந்த பெண்ணுக்கு அவ்வளவு நல்ல சிரிப்பு! திரைக்கு அந்தப் பக்கம் தம்பியும் சிரித்துவிட்டு, உடனே இருமி மறைத்தார். என் காதில் விழாதா?

தம்பி என்றதும் ஞாபகம் வருகிறது. மாமி அவருக்குப் பெண் பார்த்துவிட்டார்கள்! பாலக்கரையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தார்களாம். கை நிறைய மருதாணி போட்டுக்கொண்டு, சபையில் ஒரு பெண் மட்டும் விளக்குப் போல இருந்ததாம். “சாரா பீவி வீட்டு மருமகள்னா கை அப்படித்தான் இருக்கணும்” என்று தன் பெயரைப் போட்டு எதிர்வீடு வரை கேட்கிற மாதிரி சொல்கிறார்கள். பக்கத்தில் கரி பிடித்த கையோடு நான் நிற்பது கண்ணில் படவில்லை போலிருக்கிறது. பெண்ணின் பெயர் ஷரீபா. நோன்பு பிறப்பதற்குள் நிக்காஹ் முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் குதிகாலுக்குக் களிம்பு வைத்து அனுப்பினேனே, பூசுகிறீர்களா, இல்லை ஊருக்குத்தான் உபதேசமா?

உங்கள் கடையையும் உங்கள் அம்மாவையும் சேர்த்துச் சமாளித்துக்கொண்டிருக்கும்
ஜஹானாரா


தென்னூர்
24-12-1961

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உடம்பெல்லாம் சுகம்தான். என் மனம் மட்டும் இரண்டு நாளாக உலையில் கிடக்கிறது. உடனே படித்துவிட்டு ஒரு காரியம் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாமியும் நானும் ஜட்கா வைத்துக்கொண்டு பெண் பார்க்கப் போனோம். மாமி பட்டுத்துணியில் கற்கண்டைப் பொட்டலமாக முடிந்து மடியில் வைத்திருந்தார்கள். பிடித்துவிட்டால் அங்கேயே பெண் வாயில் கற்கண்டைப் போட்டு முடித்துவிடுவது என்று திட்டம். வழி முழுக்க அந்த மருதாணிக் கை பேச்சுதான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை பாருங்கள். திருச்சியில் மருதாணி போடுகிற பெண்ணா இல்லை என்று இருந்துவிட்டேன்.

உள்ளே கூட்டி வந்தார்கள். முக்காட்டை விலக்கினார்கள். அதே பெண், மச்சான்! திரைக்குள் வந்து சிரித்துவிட்டுப் போன அதே பெண். என்னைப் பார்த்ததும் அதன் முகம் வெளுத்துப் போயிற்று. எங்கே நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று கண்ணாலேயே கெஞ்சியது. நான் முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி ‘என்னம்மா படித்திருக்கிறாய்’ என்று கேட்டுவைத்தேன்.

சொன்னதையெல்லாம் அந்தப் பெண் அப்படியே கேட்டிருக்கிறது. கசிவு நின்றிருந்தது, வெடிப்பு மூடியிருந்தது. கொஞ்சம் வறட்சியும் தடிப்பும்தான் மிச்சம். தெரிந்து பார்த்தால்தான் தெரியும். மருதாணி மட்டும் துளிக்கூட இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள், இன்று ஒரு நாளாவது போட்டுக்கொள் என்று அதன் அம்மா மன்றாடினார்களாம், முடியாது என்று உட்கார்ந்துவிட்டதாம். இது அதன் பெரியம்மா பிறகு என் காதில் ஓதியது. அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமி அந்தக் கையைப் பார்த்தார்கள். ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தாலாவது காரணம் புரிந்திருக்கும். தொடவே இல்லை. தேநீரைக் குடித்தார்கள், எழுந்தார்கள், சலாம் சொன்னார்கள், ஜட்காவில் ஏறிவிட்டார்கள். கற்கண்டு மடியிலேயே இருந்தது. வண்டி திரும்பியதும் ஆரம்பித்தார்கள். “ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்குக் கை கொள்ளாம மருதாணி. நம்ம பொண்ணு பாக்கப் போனா வெறுங்கையா? நம்மள மதிக்கலேன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. இவங்களுக்கு நம்ம புள்ள வேணாம், அதான் சங்கதி!” என்றார்கள்.

என்ன செய்யட்டும்? மருதாணி போடாதே என்று சொன்னதே நான்தான். என் பேச்சைக் கேட்டதற்கு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பலன் இது. காரணத்தைச் சொன்னால் மாமியின் கோபம் ஆறும். ஆனால் கரப்பான் என்ற வார்த்தை ஒரு வாயிலிருந்து கிளம்பினால் நம் தெருவோடு நிற்குமா? தொத்து நோய்க்காரி என்று ஊர் முழுக்கப் பரவி, நம் வீட்டில் மட்டுமல்ல, எந்த வீட்டிலும் அதற்கு நிக்காஹ் நடக்காது. அதைவிட, என்னை நம்பிக் கையை நீட்டியதே, மச்சான். அந்த நம்பிக்கையை நான் எப்படித் தெருவில் போடுவேன்?

இன்னொரு கூத்தும் கேளுங்கள். தம்பிக்குப் பெண் யாரென்றே தெரியாது. அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். சாயங்காலம் கடை சாத்தும்போது திரையருகே வந்து, அந்தக் கைக்காரப் பெண் மருந்துக்கு வரவே இல்லையே, டப்பா இந்நேரம் தீர்ந்திருக்குமே, எரிச்சல் ஏதாவது கிளம்பிவிட்டதா, ஜிங்க் கொஞ்சம் கூட்டிப் புதிதாகக் கலக்கி வைத்திருக்கிறேன் என்கிறார். நூறு பேருக்கு மருந்து கலக்குகிறார், வேறு யாருக்கு இப்படி விசாரித்தார்? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வெங்காயம் உரித்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாமி உங்கள் பேச்சு ஒன்றுக்குத்தான் கட்டுப்படுவார்கள். கையைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதாமல், அந்த இடத்தை விட வேண்டாம் என்று மட்டும் எழுதுங்கள். மருங்காபுரியில் யாரோ ஒரு பெண் என்று இப்போதே தரகர் வந்து போகிறார். தாமதித்தால் கை நழுவிவிடும்.

பதில் வரும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
ஜஹானாரா


தென்னூர்
12-1-1962

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படித்தால் குதித்துவிடுவீர்கள், விடுதியில் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள்.

முதலில் உங்கள் கடிதத்தின் கதை. மாமிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “படிக்கப் போன எடத்துல படிப்ப பாக்கச் சொல்லு” என்றார்கள். அவ்வளவுதான் உங்கள் செல்வாக்கு. பெரிய ஆள் என்று நினைத்து உங்களை நம்பினேன் பாருங்கள்.

நேற்றுக் காலை ஸ்ரீரங்கத்து அம்மாள் வந்திருந்தார். நேற்று அவர்களுக்குக் கூடாரவல்லி. தூக்கு நிறைய அக்காரவடிசல், நெய் வாசனை சந்து முனை வரை. “பெருமாளுக்குக் கண்டருளப் பண்றதுக்கு முன்னாடியே உங்காத்துக்குன்னு தனியா எடுத்து வச்சுட்டேண்டிம்மா, சங்கடப்படாம சாப்பிடுங்கோ” என்றார். சாமிக்குப் படைத்ததை நாம் தொடமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆட்டுக் கொழுப்பில்லாத களிம்பு கொடுத்ததற்குப் பதில் மரியாதை! கையை நீட்டிக் காட்டினார். மார்கழி முழுக்க விடியலில் குளித்தும் வழவழவென்று இருந்தது. மாமி அப்போது முற்றத்தில், குதிகால் வெடிப்புக்கு நான் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காரவடிசல் ஒரு கிண்ணம் காலியாகி இரண்டாவது கிண்ணமும் கேட்டார்கள்.

அந்த அம்மாள் பஸ்ஸுக்குக் கிளம்பின சற்று நேரத்தில் சந்து வாசலில் ஜட்கா நின்றது. ஷரீபாவும் பெரியம்மாவும். மருந்துக்குத்தான் என்று நினைத்துத் திரைப் பக்கம் கையைக் காட்டினேன். “இல்லக்கா, மாமியைப் பாக்கணும்” என்றது. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

நேரே முற்றத்துக்குப் போய் சலாம் சொன்னது. மாமி காலைத் தண்ணீரிலிருந்து எடுக்கவும் முடியாமல், முகத்தைத் திருப்பவும் முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்து நீட்டியது. “நல்லாப் பாருங்க மாமி. எனக்குக் கரப்பான். அத மறைக்கத்தான் அத்தன நாளும் மருதாணி போட்டேன். உங்க மருமகதான் மருந்து குடுத்து, போடாதேன்னாங்க. அதான் அன்னிக்கு வெறுங்கையா இருந்தேன். உங்கள மதிக்காம இல்ல. அக்கா இதுவரைக்கும் வாயே தொறக்கலேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நானே சொல்ல வந்தேன். நீங்க என்னை வேணாம்னு சொல்லுங்க, பரவால்ல. மரியாத தெரியாதவன்னு மட்டும் நெனைக்காதீங்க” என்றது. கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

மாமி என்னைப் பார்த்தார்கள். இது தொத்துமா என்று கேட்டார்கள். தொத்தாது மாமி, பக்கத்தில் படுத்தாலும், அந்தக் கையால் சோறு போட்டுச் சாப்பிட்டாலும் ஒட்டாது என்றேன். அடுத்தது கேட்டார்கள்: “முழுசாப் போயிருமா?”

மச்சான், ‘போய்விடும்’ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தைதானே! ஆனால் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் உண்மை சொல்லிவிட்டு, சொந்த வீட்டு முற்றத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை. போகும், திரும்பவும் வரும் மாமி, பனியில் வரும், புளிப்பு பட்டால் வரும், மனம் நொந்தாலும் கிளம்பும், பார்த்துப் பக்குவமாக அடக்கி வைத்துக்கொள்ளலாம், அடியோடு போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமி தண்ணீருக்குள் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. “அம்மா, அந்தக் கைக்கு மருந்து கலக்குனது நான்தான். வந்தா வரட்டும்மா. நான் கலக்கிக்கிறேன்.”

யா அல்லாஹ்! பல் விளக்கப் பொடி கேட்டால்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை! ஷரீபா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டது. மாமிதான் முதலில் சிரித்தார்கள். “பாத்தியா ஜஹானாரா, தெரைக்குப் பின்னாடி ஒட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கிது கழுத! வியாபாரத்தப் பார்றா போ!” என்று கத்திவிட்டு, ஈரக் காலோடு எழுந்து உள்ளே நடந்தார்கள். அரிசிப் பானைக்குள்ளிருந்து அந்தப் பட்டுப் பொட்டலம் வந்தது. எறும்பு வந்துவிடாமல் அத்தனை நாளும் பத்திரமாக மூடி வைத்திருந்திருக்கிறார்கள், மச்சான். வேண்டாம் என்றவர்கள் எதற்கு அதைப் பத்திரப்படுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் வாயில் ஒரு கற்கண்டைப் போட்டார்கள், கன்னத்தை வழித்து முத்தமிட்டார்கள். அப்புறம் அந்த இரண்டு கையையும் எடுத்துத் தன் முந்தானைக்குள் பொத்தி வைத்துக்கொண்டார்கள். நான் அழுதேன். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

பெரியம்மாதான் கவலையோடு கேட்டார்கள், நிக்காஹ் அன்று மருதாணி போடாமல் மணப்பெண்ணை எப்படிச் சபையில் உட்காரவைப்பது, நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்களே என்று. காலில் போட்டுக்கொள்ளட்டும், கையில் கூடாது என்று நான் குறுக்கே விழுந்தேன். மாமி எங்கள் இருவரையும் கையமர்த்தினார்கள். “சாரா பீவி வீட்டுக் கல்யாணத்துல ஒரு பொம்பள கையிலயும் மருதாணி கெடையாது. எங்க வீட்டு வழக்கம் அதுதான்னு சொல்லிருவோம். என் கையிலயும் இருக்காது. அப்ப யாரு யாரக் கேப்பா?” என்றார்கள். பெருநாளுக்குப் பெருநாள் விடியக்கூட விடாமல் எங்களை உட்காரவைத்து மருதாணி அப்புகிற மாமியா இப்படிச் சொன்னார்கள் என்று எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. நீங்கள் கேட்டால் நீங்களும் நம்ப மாட்டீர்கள்.

நாள் குறிக்க உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நோன்புக்கு முந்தி, இந்த மாதக் கடைசியில் என்று பேச்சு. வாத்தியாரிடம் லீவு கேளுங்கள். தம்பிக்கு நிக்காஹ் என்று சொல்ல வெட்கமாக இருந்தால் அம்மாவுக்குக் கால் வலி என்று சொல்லுங்கள், அதுவும் பொய்யில்லை. வரும்போது நல்ல வெள்ளை வாஸலின் ஒரு பெரிய டின் வாங்கி வாருங்கள். இங்கே வருவது மஞ்சளாக இருக்கிறது. மணப்பெண்ணுக்கு வேறு, ஸ்ரீரங்கத்து அம்மாளுக்கு வேறு, இனி இரண்டு வாணலியில் தனித்தனியாக உருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஊரிலிருந்து வந்ததும் வாசலிலேயே என் கையைப் பிடித்து மருதாணி எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்ப்பீர்கள். இந்தத் தடவை இருக்காது. என் கை வெறுமையாக, கொஞ்சம் களிம்பு வாசனையோடு இருக்கும். நம் வீட்டில் எல்லோர் கையும் அப்படித்தான். ஏன் என்று யார் எதிரிலும் கேட்டுவிடாதீர்கள். எப்போதும் போலப் பிடித்துப் பார்த்துவிட்டு, ரொம்பச் சிவந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.

அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் வாருங்கள், மச்சான்.

ஜஹானாரா